யாகி போட்டதும் பக்கத்து நோடு காணாமல் போனது ஏன்?

உங்கள் கேள்வியின் சாரம் இது. எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாக, சுமார் இரண்டரை கிலோமீட்டரில் 14 நீர்மட்ட சென்சார்கள் வைத்திருக்கிறீர்கள். எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜிக்பீ, அதாவது குறைந்த சக்தியில் சிறு தூரம் பேசும் ரேடியோ. ஒவ்வொரு சென்சார் பெட்டியும் ஒரு நோடு. நோடிலிருந்து நோடுக்குத் தாவித் தாவித் தகவல், எல்லாவற்றையும் திரட்டும் கேட்வேக்கு வந்து சேரும் மெஷ் அமைப்பு. கேட்வே தெற்குக் கோடியில், ஒரு மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில். அதற்குப் பக்கத்திலுள்ள இரண்டு நோடுகளின் பேட்டரி மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. திசை ஆன்டெனா போட்டால் தூரம் கூடும், பேட்டரி மிச்சமாகும், வலையின் தகவல் கொள்ளளவு பல மடங்காகும் என்று ஆய்வுக் கட்டுரைகளில் படித்துவிட்டு எல்லா நோடிலும் ஒரே திசையில் குவித்துப் பேசும் யாகி ஆன்டெனாவை மாட்டினீர்கள். நிலைமை மோசமானது. பக்கத்திலிருந்த நோடே காணாமல் போகிறது. எங்கே தப்பு?

கட்டுரைகளில் தப்பில்லை. உங்கள் யாகியிலும் அநேகமாக இல்லை. யாரிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே முடிவான நோடுக்குத்தான் திசை ஆன்டெனா பொருந்தும். மெஷ் என்றால் யாரும் யாரிடமும் பேசலாம் என்று பொருள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது, படகு இன்ஜின் சத்தத்துக்கு நடுவே ஒருவர் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிடுவார். தொண்டை அதேதான், சத்தம் ஒரு பக்கமாகப் போகிறது, அவ்வளவுதான். எதிர்ப்படகில் இருப்பவர் காதில் கையைக் குவித்துக் கேட்பார். அவருக்கும் லாபம். அனுப்பும்போது கிடைக்கும் அதே லாபம் வாங்கும்போதும் கிடைக்கும் என்பது ஆன்டெனாவின் நல்ல குணம். ஆனால் காதைக் குவித்துக் கடல் பக்கம் திரும்பி நிற்பவரிடம் பக்கத்தில் நிற்கும் வியாபாரி ஏதாவது கேட்டால் பதில் வராது. உங்கள் நோடுக்கு நடந்தது இதுதான்.

இப்போது எண்கள். சாதாரணக் குச்சி ஆன்டெனாவான டைபோலின் ஆதாயம், அதாவது சக்தியை ஒரு பக்கமாகக் குவிக்கும் அளவு, 2 டெசிபல் சொச்சம். நீங்கள் வாங்கிய யாகி 10 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும் மாட்டினால் 16 டெசிபல் கூடுதல், அதாவது நாற்பது மடங்கு சக்தி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடு நோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் யாகி தெற்கே கேட்வே திசையைப் பார்க்கிறது. வடக்கிலிருந்து வரும் தகவல் அதன் முதுகில் படுகிறது. யாகியின் முதுகுப் பக்கம் முன்பக்கத்தைவிட 15 டெசிபலாவது குறைவாகக் கேட்கும். ஆக, அனுப்பும் நோடின் முகம் கூட்டல் 10, வாங்கும் நோடின் முதுகு கழித்தல் 5, மொத்தம் 5. பழைய டைபோல்கள் இரண்டும் சேர்ந்து கொடுத்தது 4. செலவழித்ததெல்லாம் ஒரே ஒரு டெசிபலுக்காக! கால்வாய் நேராக இருக்கும் இடத்தில் இந்தக் கதை. வளைவில் இருக்கும் நோடுக்கு அண்டை நோடு பக்கவாட்டில் வருகிறது. அங்கே யாகி இன்னும் மோசமாக, 20 டெசிபல்கூடக் குறைவாகக் கேட்கும். காணாமல் போன நோடு எது என்று வரைபடத்தில் பாருங்கள். வளைவை ஒட்டியதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அப்புறம் நடப்பதுதான் பேட்டரியைத் தின்கிறது. பதில் வராத நோடு, ‘யாரோ குறுக்கே பேசிவிட்டார்கள், மோதல்’ என்று நினைத்துக்கொண்டு சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பும். ஜிக்பீக்கு அடியில் இருக்கும் 802.15.4 தரத்தில் இயல்பாக மூன்று மறுமுயற்சி உண்டு. அதுவும் தோற்றால் மேலே இருக்கும் வழித்தட நிரல் ‘பக்கத்து நோடு செத்துவிட்டது’ என்று முடிவு கட்டி, புது வழி தேடி ஊருக்கே தண்டோரா போடும். அந்தத் தண்டோராவைக் கேட்டவையும் அதைத் திருப்பிப் போடும். பக்கத்து நோடோ நல்ல ஆரோக்கியத்துடன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பீமை (சக்தி குவிந்து போகும் கற்றையை) திருப்பக்கூடிய ஆன்டெனாக்களில் இதே சிக்கல் இன்னும் நுட்பமாக வரும். ரொமித் ராய் சௌத்ரியும் நிதின் வைத்யாவும் 2004-இல் இதற்குக் ‘காது கேளாமை’ என்றே பெயர் வைத்து எழுதினார்கள். நோடு இன்னொருவருடன் பேச ஒரு திசையில் திரும்பியிருக்கும் நேரத்தில் மற்றவர்கள் கூப்பிடுவது அதற்குக் கேட்காது. கூப்பிட்டவருக்கு அது மோதலா, விலகலா, சாவா என்று தெரியாது. இன்னொரு தொல்லையும் கூட வருகிறது. ஒருவர் பேசுவது அக்கம்பக்கத்துக்குக் கேட்காததால், காற்று காலியாக இருப்பதாக நினைத்து இன்னொருவர் ஆரம்பிப்பார். வாங்கும் இடத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

கொள்ளளவு பற்றிய கட்டுரைகளுக்கு வருகிறேன். 2000-இல் பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும் (குமார் நம் சென்னை ஐஐடியில் படித்தவர்) கம்பியில்லா வலையில் நோடுகள் கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கிக்கொண்டே போகும் என்று நிறுவினார்கள். பீம் குறுகினால் குறுக்கீடு குறையும், அதனால் அந்தப் பங்கு பல மடங்கு பெருகும் என்பது பின்னால் வந்தவர்களின் கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் அது எல்லா நோடும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும் வலைக்கு. உங்கள் நோடு 15 நிமிடத்துக்கு ஒருமுறை 20 பைட் அனுப்புகிறது. உங்களுக்கு நெரிசல் இல்லை. ஆளில்லாத ரோட்டுக்கு மேம்பாலம் எதற்கு?

பேட்டரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். ‘ஆன்டெனா ஆதாயம் கூடினால் அனுப்பும் சக்தியைக் குறைக்கலாம், பேட்டரி மிச்சம்’ என்ற வாதம் ஜிக்பீயில் ஏறக்குறைய எடுபடாது. இத்துறையில் வெகுகாலம் புழங்கிய சிசி 2420 என்ற ரேடியோ சிப்பைப் பாருங்கள். முழுச் சக்தியில் அனுப்பும்போது 17.4 மில்லி ஆம்பியர் எடுக்கும். சும்மா காது கொடுத்துக் கேட்கும்போது? 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம். மெஷ்ஷில் நடு நோடு மற்றவர்களுக்காக விழித்திருந்தே ஆக வேண்டும். கேட்வேக்குப் பக்கத்தில் இருப்பது எல்லோர் சுமையையும் தூக்க வேண்டும். உங்கள் இரண்டு நோடுகள் சாவது அதனால்தான். அவற்றின் தலையில் எந்த ஆன்டெனாவை மாட்டினாலும் அந்தச் சுமை குறையாது. தூரத்து நோடுகள் இவற்றைத் தொந்தரவு செய்யாமல் நேரே கேட்வேயிடம் பேசினால்தான் குறையும்.

அதனால் என் யோசனை: மெஷ்ஷை விட்டுவிடுங்கள். 866 மெகாஹெர்ட்ஸ் பக்கம், மெதுவாக ஆனால் வெகுதூரம் பேசும் லோரா ரேடியோவுக்கு மாறுங்கள். இந்தியாவில் 865 முதல் 867 வரை 2005-லிருந்து உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். 2021 டிசம்பரில் அதை 868 வரை நீட்டினார்கள். எல்லா நோடும் நேரே மொட்டை மாடியைப் பார்த்துப் பேசட்டும். அனுப்பிவிட்டுத் தூங்கட்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. கணக்குப் போட்டால் பெரும்பாலான நோடுக்கு யாகியே தேவைப்படாது. கடைசி நோடு இரண்டரை கிலோமீட்டர், ஆன்டெனா உயரம் 3 மீட்டர், கேட்வே ஆன்டெனா 12 மீட்டர். தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் வழி இழப்பு 105 டெசிபல் அளவில் வரும். 20 டெசிபல்-மில்லிவாட் அனுப்பி, இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 6 என்று கூட்டினால் வந்து சேர்வது கழித்தல் 77. லோரா அதன் வேகமான நிலையிலேயே, அதாவது எஸ்எஃப் 7-இல், கழித்தல் 123 வரை கேட்கும் (எஸ்எஃப் என்பது எவ்வளவு இழுத்துப் பேசுகிறது என்பதற்கான படி; 12 மிக மெதுவானது). கையிருப்பு 46 டெசிபல்! ஒப்பிட, உங்கள் ஜிக்பீ 200 மீட்டர் தாவலுக்கு வெட்டவெளியிலேயே 13 டெசிபல் கையிருப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் எண்ணூர் வெட்டவெளி இல்லை. அலையாத்திப் புதர், சாம்பல் கொட்டிய மேடு, குழாய்ப் பாலம், கம்பெனி மதில், மின்கோபுரம் என்று குறுக்கே ஏதாவது நிற்கும். இரண்டு மூன்று நோடுகளுக்கு அந்த 46-உம் கரைந்துபோய், எஸ்எஃப் 12-இல்தான் ஒட்டிக்கொள்ளும். யாகியின் இடம் அதுதான். அங்கே அது பேட்டரியை உண்மையிலேயே மிச்சப்படுத்தும், அதுவும் எதிர்பாராத வழியில். லோராவில் எஸ்எஃப் ஒரு படி ஏறினால் ஏறக்குறைய இரண்டரை டெசிபல் கூடுதலாகக் கேட்கும், ஆனால் பேசும் நேரம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். 20 பைட்டை எஸ்எஃப் 12-இல் அனுப்ப 1.32 நொடி ஆகும். டைபோலைக் கழற்றி 10 டெசிபல் யாகி போட்டால் கிடைக்கும் 8 டெசிபலை வைத்து மூன்று படி இறங்கலாம். எஸ்எஃப் 9-இல் அதே 20 பைட்டுக்கு 0.19 நொடி போதும். எஸ்எக்ஸ் 1276 முழுச் சக்தியில் 120 மில்லி ஆம்பியர் இழுக்கிற லோரா சிப். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 96 தடவை. அனுப்புவதற்கு மட்டும் நாளொன்றுக்கு 4.2 மில்லி ஆம்பியர்-மணி செலவானது 0.6 ஆகிவிடும். சக்தியைக் குறைத்ததால் வந்த மிச்சமில்லை இது, சுருக்கமாகப் பேசி முடித்ததால் வந்தது.

கேட்வேயில் திசை ஆன்டெனா வேண்டாம். அது எல்லோரையும் கேட்க வேண்டிய இடம், சுற்றுத்திசை ஆன்டெனாதான். அதிலும் 9, 10 டெசிபல் என்று நீளமான குச்சியைத் தேடிப் போகாதீர்கள். சுற்றுத்திசை ஆன்டெனாவில் ஆதாயம் கூடுவது மேலும் கீழும் நசுக்கியதால்தான். தோசை மாதிரி தட்டையாகிவிடும். மாடிக்கு நேர் கீழே இருக்கும் நோடுக்கு எதுவும் கேட்காது. 5, 6 போதும்.

யாகிக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: உயரம். சில வருடங்களுக்கு முன் காட்டுக்குப்பம் பக்கம் ஒரு நோடு கட்டிக்கொண்டிருந்தேன். சவுக்குக் கம்பில் ஆள் உயரத்துக்குப் பெட்டியும் ஆன்டெனாவும். இறால் தடவி முடித்துக் கரையேறிய பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, கொம்ப இன்னும் ஏத்திக் கட்டுப்பா. தண்ணி ஏறுனா உன் பொட்டி பேசாது” என்றார். பெட்டி நனைந்துவிடும் என்று சொல்வதாக நினைத்து, ‘நனையாத பெட்டிதான்யா’ என்றேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது, வற்றத்தில் எழுந்தது. பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை.

காரணம் இதுதான். நேரே போகும் அலையும் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அலையும் வாங்கும் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரு எல்லையைத் தாண்டிய பிறகு சிக்னல் தூரத்தின் நான்காம் அடுக்கில் விழும். ஆன்டெனா உயரத்தின் இரண்டாம் அடுக்கில் ஏறும். உயரம் என்பது தண்ணீர்மட்டத்திலிருந்து. தண்ணீர் ஒரு மீட்டர் ஏறினால் நம் ஆன்டெனா ஒரு மீட்டர் இறங்கியதாகத்தான் கணக்கு. ஆள் உயரக் கம்பில் அது பாதி உயரம். இதில் யாகி கைகொடுக்காது என்பதைக் கவனியுங்கள். நேர் அலைக்கும் தெறித்த அலைக்கும் இடையே கோண வித்தியாசம் ஒரு பாகைகூட இருக்காது. 10 டெசிபல் யாகியின் பீம் அகலமோ 50, 55 பாகை. இரண்டையும் சேர்த்தேதான் வாங்கும். பக்கவாட்டில் கண்டெய்னர் அடுக்கிலோ எண்ணெய்த் தொட்டியிலோ பட்டு வரும் எதிரொலியை அது வெட்டும், கீழிருந்து வருவதை வெட்டாது. 3 மீட்டர் கம்பை 6 மீட்டர் ஆக்கினால் 6 டெசிபல், அதுவும் சவுக்குக் கம்பு விலையில். தவிர, நடுவழியில் அலைக்கு வேண்டிய இடைவெளியும் இருக்கிறது. 866 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் தொடர்பென்றால் பாதித் தூரத்தில் நேர்கோட்டைச் சுற்றி ஐந்தரை மீட்டராவது காலியாக இருப்பது நல்லது. கண்ணுக்குத் தெரிகிறதே என்பது போதாது.

யாகி மாட்டும்போது நடக்கும் கூத்துகள் சில. யாகியின் நீளமான கம்பி பின்பக்கம், குட்டையான கம்பிகள்தான் இலக்கைப் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், மாற்றி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்வே ஆன்டெனா நெட்டுக்குத்தாக நிற்கிறது. எனவே யாகியின் குறுக்குக் கம்பிகளும் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். பழைய டிவி ஆன்டெனா நினைவில் படுக்கையாக மாட்டினால் 20 டெசிபல் வரை போய்விடும். யாகி கொடுத்ததையெல்லாம் அதுவே பிடுங்கிக்கொள்ளும். இரும்புக் குழாயில் யாகியின் நடுவில் பிடித்து மாட்டாதீர்கள். நெட்டுக்குத்துக் குழாயும் தன்னை ஒரு ஆன்டெனாக் கம்பியாக நினைத்துக்கொள்ளும். பின்முனையில் பிடியுங்கள், அல்லது சவுக்கு.

கனெக்டரில் நானே ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன். ரிச்சி தெருவில் வாங்கிய ஆன்டெனா, மரை அழகாக ஏறியது, சிக்னல் மட்டும் இல்லை. கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆன்டெனாப் பக்கமும் ஊசி இல்லை, போர்டு பக்கமும் ஊசி இல்லை. வைஃபை ரூட்டருக்கான ஆர்பி-எஸ்எம்ஏ ஆன்டெனாவைச் சாதாரண எஸ்எம்ஏ போர்டில் திருகியிருந்தேன். ஓட்டையும் ஓட்டையும் முகம் பார்த்துக்கொண்டிருந்தன. வாங்கும்போது நடுவில் ஊசி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிள்: ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு அரை டெசிபல் தின்னும். 10 மீட்டர் ஓட்டினால் 5 டெசிபல், யாகியின் லாபத்தில் பாதிக்கு மேல். ரேடியோ பெட்டியையே கம்பின் உச்சிக்கு ஏற்றிக் கேபிளை அரை மீட்டருக்குள் வையுங்கள். கனெக்டர் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரணக் கருப்பு இன்சுலேஷன் டேப் எண்ணூர் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. கேபிளுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டால் அதைத் தூக்கிப் போடுவதுதான் வழி.

திசை பிடிப்பது எப்படி? எண்பதுகளில் திருவொற்றியூரில் எங்கள் சித்தப்பா இலங்கை டிவியான ரூபவாகினி எடுப்பதற்காக மாடியில் யாகியைத் திருப்புவார். நான் கீழே டிவி முன்னால். “வருதா?” “இல்ல சித்தப்பா.” “இப்ப?” “வந்துச்சு... போச்சு!” அவர் நன்றாகத் தெரியும் இடத்தைத் தேட மாட்டார். இடப்பக்கம் படம் கெடும் இடத்தில் கரியால் ஒரு கோடு, வலப்பக்கம் கெடும் இடத்தில் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் இறுக்கிவிடுவார். இன்றைக்கும் அதுதான் சரியான முறை. யாகியின் உச்சி தட்டையானது; 10 பாகை தவறினாலும் அரை டெசிபல்கூடக் குறையாது, அதனால் உச்சியைத் தேடினால் தடுமாறுவீர்கள். சரிவு இரண்டையும் கண்டுபிடித்து நடுவை எடுங்கள். 15 பாகைக்கு ஒருமுறை திருப்பி, ஒவ்வொன்றிலும் 50 பாக்கெட் எண்ணி, சராசரி எழுதிக்கொள்ளுங்கள். நீர் ஏற்றமா வற்றமா என்பதையும் கூடவே எழுதுங்கள். இல்லாவிட்டால் காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் ஒப்பிட்டு ஏமாந்துபோவீர்கள்.

புராஜெக்டே திசை ஆன்டெனா மெஷ் பற்றியது, மாற்ற முடியாது என்று உங்கள் கைடு பிடிவாதம் பிடித்தால், கால அட்டவணை போடுங்கள். 2012-இல் வந்த 802.15.4இ-யில் டிஎஸ்சிஹெச் என்ற முறை இருக்கிறது. எந்த நோடு எந்த நொடியில் யாரிடம் பேசும் என்பது முன்பே முடிவாகிவிடும். எப்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்துவிட்டால் காது கேளாமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. திருப்புவதற்கு மோட்டார் வேண்டாம். ஸ்வீடனின் எஸ்ஐசிஎஸ் ஆய்வகத்தில் ஸ்பிடா என்று ஒரு ஆன்டெனா செய்தார்கள். நடுவில் ஒரு குச்சி, சுற்றி ஆறு குச்சி. சுற்றியுள்ளவற்றை ஸ்விட்ச் மூலம் தரையில் இணைத்தும் விடுவித்தும் பீமைத் திருப்பலாம். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கானது என்பதால் கையடக்கமாக இருக்கும். அதன் பீம் கத்தி மாதிரி கூரானதல்ல, ஒரு பக்கமாகத் தள்ளி வரைந்த வட்டம் மாதிரி. சென்சார் நோடுக்கு அதுவே போதும். கல்லூரி லேபில் செய்து பார்க்கக்கூடியதுதான். ஆனால் அதைக் கழிமுகத்தில் கொண்டுபோய் நடாதீர்கள், மொட்டை மாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எந்தக் கட்டுரையிலும் இருக்காது. தண்ணீர் ஓரம் ஆறு மீட்டர் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் யாகி, நீர்க்காகத்துக்கு இறக்கை காய வைக்க அளவெடுத்துச் செய்த இடம். ஒன்று உட்கார்ந்தால் பரவாயில்லை. மூன்று உட்கார்ந்தால் யாகி தலை குனிந்துவிடும், எச்சம் கனெக்டர் மேல். ஆன்டெனாவை ஜிப் டை போட்டுக் கட்டும்போது மிச்சமுள்ள வாலை வெட்டாமல் மேல்நோக்கி நிற்க விடுங்கள். நடுக்கம்பி நெடுக ஒரு சாண் இடைவெளியில் இன்னும் நாலைந்து கட்டுங்கள். நைலான் என்பதால் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது.